வேகத்தடையின் உயரம்

ஜூன் 6, வெள்ளி

நேற்று டைரி எழுதவில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் எழுதாமல் விட்ட நாட்கள் மொத்தம் ஏழோ எட்டோதான் இருக்கும். என் அம்மா இறந்த அன்றைக்குக்கூட நாலு வரி எழுதியவன் நான்.

நடந்தது இது. குழந்தைவேல் புதிதாக ஒரு ரிக் லாரி எடுத்திருக்கிறான். போர்வெல் போடுகிற லாரி. எங்கள் ஊரில் மாடுகளை விட இந்த லாரிகள் அதிகம். காலையில் பூஜை, மதியம் அவன் வீட்டில் கறி விருந்து. தூரத்து உறவு, என்னை மாமா என்று கூப்பிடுவான், போகாமல் இருக்க முடியாது. நானும் என் மனைவி இந்திராணியும் ஸ்கூட்டரில் போனோம். பெண்களுக்குக் கீழே பந்தி, ஆண்களுக்கு மொட்டை மாடியில். சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, மூன்று மணி சுமாருக்குக் கிளம்பினோம். நகராட்சித் தொடக்கப் பள்ளிக்கு முன்னால் இருக்கிற வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. இந்திராணி பின்னாலிருந்து ரோட்டில் விழுந்துவிட்டாள். இடது தொடை எலும்பு இரண்டு துண்டு. இடது மணிக்கட்டில் வீக்கம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்து ஹெச்.எம். ரெஜினா டீச்சர் ஓடிவந்து இந்திராணியின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆனது. ஈரோட்டில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். நாளை ஆபரேஷன்.

அந்த வேகத்தடை சரியில்லை. நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்து மூன்று வருடம் குப்பை கொட்டி, உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். அதைப் போட்டவனுக்கு ரோடு என்றால் என்னவென்றே தெரியாது.

ஜூன் 7, சனி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தொடைக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். சேலத்திலிருந்து மகள் தேன்மொழி வந்துவிட்டாள். வந்ததும் என் முழங்கைக் கட்டைப் பார்த்து அழுதாள். எனக்கு ஒன்றுமில்லை, அம்மாவைப் பார் என்றேன்.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். சேர்க்கும்போது ஃபாரம் எழுதிய சின்ன டாக்டர், "ஐயா, வண்டி ஓட்டறப்ப டிரிங்க்ஸ் ஏதாச்சும் எடுத்திருந்தீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். என் நரைக்கு மரியாதை வைத்து மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த இந்திராணி கண்ணை மூடிக்கொண்டாள். வலி அதிகம் போலிருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

காலையில் இட்லி, பிளாஸ்கில் காபி, இரண்டு பெட்ஷீட், சீப்பு. லிஸ்ட் போட்டு எடுத்துப் போயும் சீப்பை மறந்துவிட்டேன். இந்திராணி என்னிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் தலையை ஆட்டுகிறாள். தலையணையைச் சரி செய்யக் குனிந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். மருந்து மயக்கம் இன்னும் தெளியவில்லை.

குழந்தைவேல் ஒரு கூடை ஆப்பிளோடு வந்தான். "மாமா, அந்தக் கருமத்தப் பேத்து எறிஞ்சாத்தான் நல்லதுங்க. எங்க லாரியெல்லாம் பைப்பு ஏத்திக்கிட்டு அதுல ஏறுனா உள்ள இருக்கற சாமானெல்லாம் குலுங்கிப் போகுது. நீங்க அளந்து ஒரு மனு எளுதிக் குடுங்க. உங்க அளவ ஆரு எதுத்துப் பேசுவாங்க?"

அதில் நியாயம் இருக்கிறது. இந்த ஊரில் வீட்டு மனைத் தகராறு என்றால்கூட என்னைத்தான் டேப்போடு கூப்பிடுவார்கள். சர்வீஸில் நான் எழுதிய அளவுப் புத்தகங்களில் ஒரு எண்ணை எந்த ஆடிட்டும் திருத்தியதில்லை. ஒரு கான்ட்ராக்டர் எனக்கு 'இரும்புப் பென்சில்' என்று பெயர் வைத்திருந்தான்.

போகும்போது வராந்தாவில் குழந்தைவேல் குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கி மாடியில நடந்தது நமக்குள்ள இருக்கட்டுமுங்க மாமா" என்றான். மாடியில் ஒன்றும் நடக்கவில்லை. சாப்பிட்டோம்.

ஜூன் 12, வியாழன்

டிஸ்சார்ஜ். முன் அறையில் கட்டில் போட்டாயிற்று. வாக்கர் வாங்கியாயிற்று. பால் ஒரு பாக்கெட் கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குள் தூக்கி வரும்போது நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். "நீங்க உடுங்க" என்றாள். ஒரு வாரத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

ஜூன் 14, சனி

காலை ஆறு மணிக்கு, ரோட்டில் நடமாட்டம் தொடங்குமுன், ரசமட்டம், நூல், டேப்போடு போய் வேகத்தடையை அளந்தேன். அகலம் பன்னிரண்டு அடி. உயரம் நடுவில் நான்கு அங்குலம். நூலை இழுத்துக் கட்டி மறுபடி அளந்தேன். நான்கு. இடது ஓரத்தில் ஒருமுறை, வலது ஓரத்தில் ஒருமுறை. நான்கு. விதியில் இருப்பதும் நான்குதான். வெள்ளைப் பட்டை கொஞ்சம் மங்கியிருக்கிறது. ஆனாலும் அறுபது எழுபது அடி தள்ளி நின்று பார்த்தேன், கண்ணாடி போடாமலே தெரிந்தது.

மதியம் மனு எழுதினேன். உயரம் ஏழு அங்குலம் என்று எழுதினேன்.

ஜூன் 15, ஞாயிறு

கேஸ் சிலிண்டர் வந்தது. வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஜூன் 18, புதன்

மனுவில் அறுபத்தோரு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது குழந்தைவேல். அவன் ரிக் ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் போட்டிருக்கிறார்கள். தெருவில் யாரைப் பார்த்தாலும், "அம்மாவுக்கு எப்படி இருக்குதுங்க? அந்தத் தடைய எடுக்கச் சொல்லி நீங்க போராடறது நல்ல காரியமுங்க" என்கிறார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு நகர்கிறேன்.

நகராட்சியிலிருந்து மாதேஸ்வரன் வந்தான். என்னிடம் இரண்டு வருடம் வேலை கற்றவன். வாசலிலேயே காலைத் தொட்டுக் கும்பிட்டான். ஸ்பாட்டுக்குப் போய் அளந்துவிட்டு வருகிறாயா என்று கேட்டேன். அவன் போய் அளக்க வேண்டும் என்று விரும்பினேனா, கூடாது என்று விரும்பினேனா, எனக்கே தெரியவில்லை.

"சார் அளந்ததுக்கு அப்பறம் நான் எதுக்குங்க சார் டேப்புப் புடிக்கோணும்?" என்று சிரித்தான். என் முன்னாலேயே தன் ரிப்போர்ட்டில் ஏழு என்று எழுதிக்கொண்டான். இருபத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் வார்டுக் கூட்டம். தீர்மானம் போட்டதும் மறுநாள் ஜே.சி.பி. வந்து தடையைப் பெயர்த்துவிடுமாம்.

அவனுக்குக் கொடுத்த காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். வயதாகிறது.

ஜூன் 20, வெள்ளி

மாலை பள்ளி விட்டதும் ரெஜினா டீச்சர் வந்தார். இந்திராணிக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்திராணி சிரித்த சத்தம்கூடக் கேட்டது. பிறகு டீச்சர் வாசலுக்கு வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம் பேசினார்.

"சார், போன வருஷம் ரெண்டாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு லாரியில அடிபட்டுச்சு. பொழச்சதே பெரிசு. அதுக்கப்புறம் பதினோரு மாசம் ஆபீஸ் ஆபீஸா நடந்து அந்தத் தடைய வாங்கினேன். இப்ப எடுக்கப் போறாங்களாம்."

"உயரம் ஜாஸ்தி டீச்சர். ஏழு அங்குலம் இருக்குது."

"அளந்தீங்களா?"

"அளந்தேன்."

அவர் என்னையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அப்படிப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு இந்திராணியம்மா தலை என் மடியில இருந்துச்சு. நீங்க எதிர்ல உக்காந்து என் மூஞ்சிக்கு நேரா பேசிக்கிட்டே இருந்தீங்க. எனக்கும் மூக்கு இருக்கு சார். நானா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நான் சொன்னா அது அம்மாவுக்கு அவமானம். நீங்களே சொன்னா நல்லது."

போய்விட்டார். ஒரு டீச்சருக்கு எவ்வளவு திமிர் என்று இரண்டு பக்கம் எழுதி, கிழித்துப் போட்டேன்.

சரி. ஒன்று குடித்தேன். கூட உட்கார்ந்தவர்கள் மரியாதைக்காக.

ஜூன் 21, சனி

ஒன்றல்ல. மூன்று.

மூன்றாவது டம்ளரைக் குழந்தைவேல் நிரம்ப ஊற்றினான். 'போதும்' என்று வாயால் சொன்னேன், டம்ளரைக் கையால் நீட்டினேன். கீழே இறங்கி வரும்போது படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஸ்கூட்டர் சாவி துவாரத்துக்குள் இரண்டு தடவை போகவில்லை. இதெல்லாம் அன்றே எனக்குத் தெரியும். பதினாறு நாளாக இந்த டைரியிடமே மறைத்து வைத்திருக்கிறேன். என் டைரியை வேறு யார் படிக்கப் போகிறார்கள்? நானே படித்துவிடக் கூடாது என்றுதான் போலும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ரிட்டையர் ஆனதிலிருந்து சனிக்கிழமை மதியங்களில் குடிக்கிறேன். பழைய ஃபைல்கள் இருக்கிற பீரோவில், கடைசித் தட்டில், கட்டுகளுக்குப் பின்னால் பாட்டில் இருக்கும். இந்த ஒரு வருடமாகச் சனிக்கிழமை மட்டும் என்று சொல்ல முடியாது. இந்திராணிக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமை அவள் கோயிலுக்குப் போய்விடுவாள்.

இன்றைக்கு மதியம் பீரோவைத் திறந்தேன். குடிக்கத்தான் திறந்தேன், வேறெதற்கு? பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது லேபிளின் ஓரத்தில் பேனாவால் சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் தேதி. மே 17. மே 21. மே 24. மே 29. ஜூன் 2. இந்திராணியின் கையெழுத்து.

முப்பத்து மூன்று வருடம் ஊரை எல்லாம் அளந்தவனை ஒருத்தி வீட்டுக்குள் இருந்து அளந்துகொண்டிருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் நான் பொய் சொல்லுவேன், அதைக் கேட்க வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ. பாட்டிலை அப்படியே திரும்ப வைத்துவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

பிசியோதெரபிப் பெண் வந்தாள். இந்திராணி வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டில் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். நான் கையை நீட்டினேன். அவள் என் கையைத் தாண்டித் தேன்மொழியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சொன்னாராம், இடது கால் அரை அங்குலம் குட்டையாகத்தான் இருக்கும் என்று. செருப்பில் கட்டை வைத்துத் தைத்துக்கொள்ள வேண்டும். தாங்கித் தாங்கித்தான் நடப்பாள், இனி எப்போதும்.

மாலையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தேன்மொழி கேட்டாள். "ஏனுங்கப்பா, அம்மா ஏன் உங்ககிட்ட மொகங்குடுத்துப் பேச மாட்டீங்கறாங்க?"

"வலி" என்றேன். அவள் நம்பவில்லை. என் மகள் என்னை நம்பாமல் பார்த்தது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

ஜூன் 25, புதன்

ரிக் ஆபீசுக்கு நடந்தே போனேன். மனுவை வாபஸ் வாங்கிவிடலாம் என்று குழந்தைவேலிடம் சொன்னேன். அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னங்க மாமா, அறுவத்தோரு பேரு கையெளுத்துப் போட்டிருக்கறாங்க. இப்பப் போயி அளவு தப்புன்னா கேக்கறவங்களுக்கு என்ன சொல்லுவீங்க? உங்க மானந்தான் போகும். அந்தத் தடை போனா ஆருக்கு என்னங்க நட்டம்? புள்ளைங்கள டீச்சரு கையப் புடிச்சுத் தாண்ட வெச்சுக்கட்டும்."

அவன் சொன்னதில் மானம் என்ற வார்த்தைதான் என் காதில் நின்றது. பிள்ளைகள் நிற்கவில்லை. காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். நான் ஒரு கோழை. இதை வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன், வேறு வார்த்தை அமையவில்லை.

ஜூன் 28, சனி

பீரோவைத் திறக்கவில்லை. ஆனால் இரண்டு தடவை அதன் முன்னால் போய் நின்றேன்.

மாலையில் இந்திராணி என்னை "ஏனுங்க" என்று கூப்பிட்டாள். இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு. ஓடினேன்.

"நாளைக்குக் கூட்டத்துக்கு என்னையுங் கூட்டிட்டுப் போங்க."

"இந்தக் காலோட எதுக்கு?"

"கேக்கறதுக்கு."

எதைக் கேட்பதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஜூன் 30, திங்கள்

நேற்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்து ஹாலில் எழுபது எண்பது பேர். பாதிக்கு மேல் ரிக் ஆபீஸ் ஆட்கள். ஆட்டோவிலிருந்து தேன்மொழி வாக்கரோடு இந்திராணியை இறக்கி, முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாள். எல்லோரும் எழுந்து நலம் விசாரித்தார்கள். கவுன்சிலர் அவள் காலைக் காட்டியே பேச்சைத் தொடங்கினார். இந்த அம்மாவின் நிலைமை இன்னொருத்தருக்கு வரக் கூடாது, அதனால் இந்தத் தடை வேண்டாம் என்றார். கை தட்டினார்கள். ரெஜினா டீச்சர் எழுந்து பேசினார். அவருக்கு யாரும் கை தட்டவில்லை. "பிள்ளைங்களப் பாத்துக்கறது உங்க வேலைதானுங்களே டீச்சர்" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்.

அப்புறம் மாதேஸ்வரன் ரிப்போர்ட்டைப் படித்தான். "உயரம் ஏழு அங்குலம். அளந்தவர், ஓய்வு பெற்ற உதவிப் பொறியாளர் திரு. அர்த்தநாரி அவர்கள்." என் பெயரைப் படிக்கும்போது தலையைக் குனிந்து மரியாதை செய்தான்.

நான் எழுந்தேன். பேச வேண்டியதைக் காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"அது ஏழு இல்ல. நாலு. நாலுன்னு தெரிஞ்சேதான் நான் ஏழுன்னு எழுதுனேன். அன்னிக்கி நான் குடிச்சிருந்தேன். மூணு டம்ளர். குடிச்சுட்டு வண்டி ஓட்டுனேன். தடை மேல ஒரு தப்பும் இல்ல."

என்னைக் காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் நின்றேன்.

அப்போது ஒரு டிரைவர் எழுந்து, "சார், மூணுக்கெல்லாம் ஒரு கூட்டமுங்களா? நாங்க ஆறு போட்டுட்டு ஓசூர் வரைக்கும் போயிட்டு வர்றமுங்க" என்றான். ஹாலே சிரித்தது. இன்னொருவர், "விருந்துன்னா ஆருதான் சாப்புடல? பெரிய மனுசன் ஒத்துக்கிட்டாரே, அதுவே பெரிசு" என்றார். கவுன்சிலரும் சிரித்தார். குழந்தைவேல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

என் உதடும் விரிந்துவிட்டது. நானும் சிரித்தேன். அப்பாடா, இவ்வளவுதானா என்று ஒரு நொடி இருந்தது எனக்கு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இதை எழுதும்போதும் பேனாவைக் கீழே வைக்கத் தோன்றுகிறது.

இந்திராணி அதைப் பார்த்தாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தேன்மொழி தடுத்தும் கேட்கவில்லை. அவள் நின்று முடிப்பதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது.

"எல்லாஞ் சிரிங்க" என்றாள். "அவரு மூணு டம்ளருன்னு சொன்னாரு, இருக்கட்டும். வண்டில ஏறும்போதே எனக்குத் தெரிஞ்சுதுங்க. சந்தப்பேட்டை திரும்பறப்பச் சொன்னன், ஏனுங்க, என்னைய எறக்கி உட்ருங்க, நான் நடந்தே வந்தர்றன்னு. கேக்கல. இன்னொருக்காச் சொன்னன். அதுக்குக் கோவம் வந்துதான் வண்டிய முறுக்குனாரு. எனக்கு வெள்ளக்கோடு தெரியுது. பள்ளிக்கோடத்துக் கேட்டு தெரியுது. நான் தோளத் தோளத் தட்டறன். அந்தத் தடை என்னங்க பண்ணும்? கேட்டுல ஒரு கொழந்த நின்னிருந்தா அதுதான் என்னங்க பண்ணியிருக்கும்?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அவள் இறக்கிவிடச் சொன்னாள். 'எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கறயா' என்று கேட்டுக்கொண்டு நான்தான் முறுக்கினேன். மூன்று டம்ளர் குடித்ததை ஊர் முன்னால் சொல்ல வந்தவன், இதைச் சொல்லாமலே வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தேன். இந்த டைரியிலும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மாதேஸ்வரன் பையிலிருந்து டேப்பையும் நூலையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்து, "நாலுங்க" என்று கவுன்சிலரைப் பார்த்துச் சொன்னான். ரிப்போர்ட்டில் ஏழு என்றிருந்ததை அடித்து நாலு என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அளந்து சொன்ன எண்ணை ஒருவன் அடித்துத் திருத்தியது இதுதான் முதல் தடவை. தீர்மானம் நிறைவேறவில்லை. குழந்தைவேல் எப்போது எழுந்து போனான் என்று தெரியாது.

ஜூலை 2, புதன்

தேன்மொழி இந்திராணியைச் சேலத்துக்குக் கூட்டிப் போகிறாள். துணிமணி, மருந்து, எக்ஸ்ரே எல்லாவற்றையும் நானே எடுத்து வைத்தேன்.

"நானும் வரட்டுமா?"

"நீங்க இங்கயே இருங்க."

"எப்ப வருவே?"

"தெரியல. கால் ஊனட்டும்." காரில் உட்கார்ந்த பிறகு சொன்னாள்: "தெனம் மூணு மணிக்குக் கூப்புடுவன். ஒண்ணே ஒண்ணுதாங் கேப்பன்."

ஜூலை 3, வியாழன்

சரியாக மூன்று மணிக்குப் போன். "இன்னைக்குக் குடிச்சீங்களா?" "இல்ல." வைத்துவிட்டாள். உண்மைதான் சொன்னேன். நம்பினாளா என்று தெரியாது. நம்பச் சொல்லிக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஜூலை 5, சனி

பாட்டிலை எடுத்துச் சிங்க்கில் கவிழ்த்தேன். மெக்கானிக் ஸ்கூட்டரைச் சரி செய்து கொண்டுவந்து விட்டுப் போனான். ரசம் வைத்தேன், உப்புக் கரித்தது. மூன்று மணி. "இல்ல."

ஜூலை 8, செவ்வாய்

"இல்ல."

தெருவில் என்னிடம் யாரும் நலம் விசாரிப்பதில்லை. ரிக் ஆபீஸ் ஆட்கள் மட்டும் சத்தமாக வணக்கம் சொல்கிறார்கள். அந்த வணக்கம்தான் அதிகம் சுடுகிறது.

ஜூலை 10, வியாழன்

காலையிலிருந்து வீடு வெறிச்சோடிக் கிடந்தது. பன்னிரண்டு மணிக்குக் கடை திறந்தது. போய் வரிசையில் நின்றேன். மாதேஸ்வரன் பைக்கில் அந்தப் பக்கமாகப் போனான். பார்த்தான். நான் வரிசையை விட்டு விலகவில்லை.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. அவள் சேலத்தில் இருக்கிறாள். போன் வழியாக வாடை போகாது. 'இல்ல' என்ற வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது, ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தது.

"இன்னைக்குக் குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."



"எத்தன?"

"ஒண்ணரை."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"வண்டி எங்க நிக்குது?"

"வாசல்ல."

"சாவிய எடுத்துட்டுப் போயி ரெஜினா டீச்சரு கையில குடுத்துருங்க. நடந்து போங்க. குடுத்துட்டுக் கூப்புடுங்க."

"இப்பவா? பள்ளிக்கூடம் விடற நேரம். எல்லாம் பாப்பாங்க."

"பாக்கட்டும்" என்றாள்.

சட்டை மாற்றிக்கொண்டு போனேன். வாய் கொப்பளிக்கலாம் என்று குழாயடிக்குப் போய், கொப்பளிக்காமல் திரும்பினேன். பள்ளிக்கூடத்து வாசலில் பெற்றவர்கள் வண்டிகளோடு நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் வண்டியை நகர்த்தி வழிவிட்டார்கள். டீச்சர் கேட்டுக்கு வெளியே நின்று பிள்ளைகளை வரிசையாக விட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரில் போய் நின்று சாவியை நீட்டினேன். அவருக்கு வாடை போயிருக்கும். முகம் ஒரு கணம் சுருங்கியது.

"அவ குடுக்கச் சொன்னா" என்றேன்.

அவர் சாவியை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எப்போது திருப்பித் தருவார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரோட்டில் ஒரு ரிக் லாரி தடைக்கு முன்னால் வேகம் குறைந்து, ஏறி இறங்கிப் போனது. டீச்சர் கையைக் காட்டி மற்ற வண்டிகளை நிறுத்தினார்.

"ம், இப்ப எல்லாரும் தாண்டுங்க. ஓடக் கூடாது" என்றார். பிள்ளைகளிடம் சொன்னாரா, என்னையும் சேர்த்துச் சொன்னாரா தெரியவில்லை. நான் கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் வரிசையில் நின்று ரோட்டைத் தாண்டினேன். வீட்டுக்கு வந்து இந்திராணியைக் கூப்பிட்டு, கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.